தனியா போனா பிக்கிள்பால் ஆட சேத்துப்பாங்களா? (சென்னை, பெருங்குடி – திருவான்மியூர் பக்கம்)

தென்காசி_டு_ஓஎம்ஆர்
எல்லாருக்கும் வணக்கம். வேலைக்காக சென்னை வந்திருக்கேன், பெருங்குடியில ஒரு பிஜி-யில தங்கியிருக்கேன். காலேஜ்ல ஷட்டில் ஆடுவேன். இங்க ஆபீஸ் போற வழியில எங்க பாத்தாலும் நீலமும் பச்சையுமா புதுசா பிக்கிள்பால் கோர்ட் போட்டிருக்காங்க, ராத்திரி லேட்டா வரும்போதும் லைட் எரியுது, ஆடிட்டிருக்காங்க. ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பாலை மட்டையால நெட்டுக்கு மேல அடிச்சு ஆடுற ஆட்டம்தானே, ஆசையா இருக்கு. ஆனா ஆப்ல பாத்தா கோர்ட்டை மணிக்கணக்குல முழுசா புக் பண்ணணும்னு காட்டுது. எனக்கு இந்த ஊர்ல கூட ஆட ஒருத்தர்கூட இல்ல.

தனியாளா போய் நின்னா சேத்துப்பாங்களா? பேடில், அதான் அந்த மட்டை, சொந்தமா வாங்கிட்டுத்தான் போகணுமா? ஆட்டமே தெரியாதவன் வந்தா முகம் சுளிப்பாங்களா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

டிங்க்_ரசிகை
தாராளமா போங்க தம்பி. இந்த ஆட்டம் சென்னையில இவ்வளவு வேகமா பரவினதுக்குக் காரணமே தனியாளா வந்து நிக்கலாம்ங்கிறதுதான். நான் திருவான்மியூர்ல ஆடுறேன், எங்க செஷனுக்கு வர்றவங்கள்ல பாதிப் பேர் தனியா வந்தவங்க.

முதல்ல, கோர்ட் புக் பண்ற பக்கத்தைப் பாக்காதீங்க. பிளேயோ மாதிரி ஆப்ல மத்தவங்க போட்டிருக்கிற ஆட்டத்துல போய்ச் சேர்றதுக்குத் தனியா ஒரு பக்கம் இருக்கு. அங்க உங்க ஏரியாவைப் போட்டு, "ஓப்பன் ப்ளே"ன்னோ "பிகினர்ஸ்"னோ போட்டிருக்கிறதைத் தேடுங்க. ஒருத்தர் கோர்ட்டை எடுத்து வச்சிருப்பார், நீங்க ஒரு ஆளுக்கான பங்கை மட்டும் கட்டினாப் போதும். ஒரு தடவை போயிட்டீங்கன்னா வாட்ஸ்அப் குரூப்ல சேத்துடுவாங்க, அப்புறம் ஆப்பே தேவைப்படாது.

அங்க போனதும் என்ன நடக்கும்னு சொல்றேன், அது தெரியாமத்தான் பல பேர் வாசல்லயே தயங்கி நிக்கிறாங்க. வேலியோரமா பேடில் எல்லாம் வரிசையா சாத்தி வச்சிருக்கும். உங்க பேடிலை அந்த வரிசைக் கடைசியில வைங்க. ஒரு கேம் முடிஞ்சதும் முன்னாடி இருக்கிற நாலு பேடிலுக்குச் சொந்தக்காரங்க உள்ள போவாங்க. கூட்டம் அதிகமா இருந்தா ஆடின நாலு பேரும் வெளிய வந்துடணும். கம்மியா இருந்தா ஜெயிச்ச ரெண்டு பேர் மட்டும் நிப்பாங்க, ஆனா ஜோடி பிரிஞ்சு ஆளுக்கொரு பக்கம் நிக்கணும். 11 பாயின்ட் கேம், ரெண்டு பாயின்ட் வித்தியாசம் வேணும், பத்துப் பதினஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும். நீங்க யார்கிட்டயும் "என்னையும் சேத்துக்கோங்க"ன்னு கேக்கவே வேணாம். பேடில் வரிசையில இருந்தா முறை வந்தே தீரும்.

ரெண்டு யோசனை. செஷன் தொடங்குறதுக்குக் கால் மணி நேரம் முன்னாடியே போங்க. அப்பதான் எல்லாரும் நெட் பக்கத்துல நின்னு மெதுவாத் தட்டிட்டிருப்பாங்க, சொல்லிக் கொடுக்கவும் நேரம் இருக்கும். அப்புறம், முதல் தடவை சனி ஞாயிறு காலையில போகாதீங்க. அது எல்லாரும் வர்ற நேரம், வெயிட்டிங் அதிகம். வாரநாள் சாயங்காலம் போங்க.

ஷேர்_ஆட்டோ
காசு விவரம் நான் சொல்றேன். நான் போற இடங்கள்ல ரெண்டு மணி நேர செஷனுக்கு ஆளுக்கு 150லேருந்து 300 வரைக்கும் வாங்குறாங்க. பால் காசு அதுலயே அடக்கம். பேடில் வாடகைக்கு 50 ரூபா, சில இடத்துல சும்மாவே கொடுப்பாங்க. முதல் மாசம் பேடில் வாங்காதீங்க, நாலஞ்சு பேரோட பேடிலை வாங்கி ஆடிப் பாருங்க. எடை, பிடியோட தடிமன் எல்லாம் கைக்குக் கை மாறும். அப்புறம் ரெண்டாயிரம் மூவாயிரத்துல ஒண்ணு எடுத்தா ரொம்ப நாளைக்குப் போதும். எடுத்த எடுப்புலயே பதினஞ்சாயிரம் ரூபா கார்பன் பேடில் வாங்கச் சொல்றவங்க பேச்சைக் கேக்காதீங்க.

தென்காசி_டு_ஓஎம்ஆர்
ரொம்ப நன்றி அக்கா, நன்றி அண்ணா. நேத்து வேலிக்கு வெளிய நின்னு கொஞ்ச நேரம் பாத்தேன். சர்வீஸ் போடுறதுக்கு முன்னாடி மூணு நம்பர் சொல்றாங்க, "ஜீரோ ஜீரோ டூ"ன்னு. ஆட்டமே ஆரம்பிக்கல, ரெண்டு எங்கேருந்து வந்துச்சு?

கிச்சன்_கோடு
இதைச் சரியாப் புரிஞ்சுக்கிட்டா பாதி பயம் போயிடும். முதல் நம்பர் சர்வீஸ் போடுற அணியோட பாயின்ட். ரெண்டாவது எதிரணியோடது. மூணாவது, அந்த அணியில இப்ப சர்வீஸ் போடுறவர் ஒண்ணாவது ஆளா ரெண்டாவது ஆளாங்கிறது. டபுள்ஸ்ல ஒரு அணியில ரெண்டு பேருமே சர்வீஸ் போட்டு முடிச்சப்புறம்தான் எதிரணிக்கு மாறும். ஆனா முதல்ல சர்வீஸ் போடுற அணிக்கு அது கூடுதல் சாதகம் ஆயிடும்ங்கிறதால, ஆட்டத் தொடக்கத்துல மட்டும் ஒரே ஒருத்தர்தான் போடுவார். அவரை ரெண்டாவது ஆள்னு கணக்கு வச்சிக்கிறாங்க. அதான் 0-0-2. சர்வீஸ் போடுற அணிக்குத்தான் பாயின்ட் ஏறும், அதையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

ஷட்டில் ஆடினவங்களுக்கு இடிக்கிற விஷயம் இன்னும் ரெண்டு இருக்கு.

ஒண்ணு, ரெண்டு பவுன்ஸ் விதி. சர்வீஸ் வந்தா கீழ ஒரு தடவை குத்தவிட்டுத்தான் அடிக்கணும். நீங்க திருப்பி அடிச்சதை அவங்களும் குத்தவிட்டுத்தான் அடிக்கணும். அதுக்கப்புறம்தான் அந்தரத்துலயே அடிக்கலாம். ஷட்டில்காரங்க சர்வீஸ் போட்டதும் பழக்கதோஷத்துல முன்னாடி ஓடிடுவாங்க, பால் காலடியில வந்து விழும். சர்வீஸ் போட்டதும் பின்னாடியே நில்லுங்க.

இன்னொண்ணு கிச்சன். நெட்லேருந்து ரெண்டு பக்கமும் 7 அடி. அதுக்குள்ளயோ, அந்தக் கோட்டை மிதிச்சுக்கிட்டோ பாலை அந்தரத்துல அடிக்கக் கூடாது. அடிச்ச வேகத்துல தடுமாறி உள்ள கால் வச்சாலும் ஃபால்ட்தான். பால் உள்ள குத்தினா தாராளமா போய் அடிக்கலாம். இந்த ஒரு விதியாலதான் ஆறடி ஆள் நெட்ல நின்னுக்கிட்டு ஸ்மாஷா அடிச்சுத் தள்ள முடியல, அறுபது வயசு அம்மா அவருக்கு எதிர நின்னு ஆட முடியுது. 1965-ல அமெரிக்காவுல பெயின்பிரிட்ஜ் தீவுல பெரியவங்களும் குழந்தைங்களும் சேர்ந்து ஆடணும்னு உண்டாக்கின ஆட்டம் இது, அந்த நோக்கம் இன்னும் விதிக்குள்ளயே இருக்கு.

சர்வீஸ் வரலைன்னா கவலைப்படாதீங்க. பாலைக் கையிலேருந்து சும்மா கீழ விட்டு, அது குத்தி எழும்பினப்புறம் அடிக்கலாம், அதுவும் சட்டப்படி சரிதான். ஆனா பாலைக் கீழ அழுத்தி எறியக் கூடாது, மேல தூக்கிப் போடவும் கூடாது, தானா விழணும்.

மூன்றரை_லெவல்
எல்லாரும் வரவேற்கிறது நல்லதுதான். ஆனா இன்னொரு பக்கத்தையும் சொல்லியாகணும். நான் ஒரு வருஷத்துக்கு மேல கோச்சிங் போய், டூப்பர்ங்கிற ரேட்டிங்ல 3.5 வரைக்கும் ஏத்தி வச்சிருக்கேன். காலையில ஆறு மணிக்கு எழுந்து, நூத்தம்பது ரூபா டோலும் பெட்ரோலும் செலவு பண்ணி வந்தா, வரிசை முறையில என் கூட நிக்கிறவருக்குப் பேடிலை எப்படிப் பிடிக்கிறதுன்னே தெரியல. எதிர ரெண்டு பேரும் பாலை அவர்கிட்டயே அடிக்கிறாங்க. பத்து நிமிஷம் நான் சும்மா நிக்கிறேன். அவருக்கும் சந்தோஷம் இல்ல, எனக்கும் இல்ல. புதுசா வர்றவங்க புதியவர்களுக்கான செஷனுக்கு வரட்டும். அதைச் சொன்னா நம்மளைத் திமிர் பிடிச்சவன்னு சொல்றாங்க.

பூப்பந்து_பழையவர்
மூன்றரை லெவல் தம்பிக்கு, வருத்தம் வேண்டாம், உங்கள் குறையில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும்.

நான் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இளவயதில் பூப்பந்து ஆடினேன். மஞ்சள் கம்பளிப் பந்து, ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். தஞ்சாவூரில் பிறந்த ஆட்டம் அது, ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் குழு இருந்தது. இப்போது பல ஊர்களில் அந்த ஆடுகளம் இருந்த இடமே தெரியவில்லை. அதற்குக் காரணங்கள் பல. நான் நேரில் கண்ட ஒரு காரணம், பலமான குழுக்கள் தங்களுக்குள்ளேயே ஆடத் தொடங்கியதும் தெருப் பையன்கள் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். ஐந்து வருடத்தில் பலமான குழுவுக்கே ஆள் போதவில்லை. அதற்கு முன்பெல்லாம் புதுப் பையனை நான்கு பழையவர்களுடன் இறக்கிவிடுவோம், அவன் பக்கம் வரும் பந்தை மற்றவர்கள் பார்த்துக்கொள்வோம், ஒரு பருவம் முடிவதற்குள் அவன் ஆளாகிவிடுவான்.

பிக்கிள்பாலில் என் வயதுக்காரர்கள் இருபது வயதுப் பிள்ளைகளோடு ஒரே ஆடுகளத்தில் நிற்கிறோம். என் வீட்டில் பேரனோடு பேசுவதைவிட அதிகமாக அங்கே பேசுகிறேன். இந்தக் கலப்பு போய்விட்டால் இது இன்னொரு கட்டண விளையாட்டு, அவ்வளவுதான்.

மூன்றரை_லெவல்
ஐயா, உங்க மேல மரியாதை இருக்கு. ஆனா பூப்பந்துல அஞ்சு பேர்ல ஒருத்தர் புதுசுன்னா நாலு பேர் தாங்கலாம். இங்க ரெண்டே பேர். ஒருத்தர் புதுசுன்னா பாதி அணி இல்லைன்னு அர்த்தம்.

கோர்ட்_நம்பர்_3
நான் அண்ணா நகர் பக்கம் வாரம் மூணு நாள் செஷன் நடத்துறேன். ரெண்டு பேர் சொல்றதும் சரிதான், அதனாலதான் இதுக்கு ஒரு ஏற்பாடு வேணும். நல்ல மனசு இருந்தா மட்டும் போதாது.

எங்ககிட்ட மூணு கோர்ட். ஒண்ணு எப்பவும் பொது வரிசை, யார் வேணா யாரோடயும். ரெண்டாவது, முதல் ஒரு மணி நேரம் புதுசா வந்தவங்களுக்கு மட்டும், கூட ஒரு பழைய ஆள் நின்னு சொல்லிக் கொடுப்பார். மூணாவது, ஆடிப் பழகினவங்க தங்களுக்குள்ள ஆடிக்கலாம், ஆனா ரெண்டு கேமுக்கு அப்புறம் பொது வரிசைக்கு வந்துடணும். ஆரம்பத்துல முணுமுணுத்தாங்க. இப்ப புதுசா வந்தவங்கள்ல சிலர் மூணாவது கோர்ட்டுக்கே போயிட்டாங்க, முணுமுணுத்தவங்களுக்கு ஆட ஆள் கூடியிருக்கு.

மூன்றரை லெவல் சொன்னதுல எனக்கு ரொம்ப முக்கியமாப் படுறது வேற. எதிரணி பலவீனமான ஆளையே பாத்து அடிக்கிறது. டோர்னமென்ட்ல அதுதான் ஆட்டம், தப்பே இல்ல. காசு கட்டி பொழுதுபோக்கா ஆட வந்த இடத்துல, 11 பாயின்ட்டையும் ஒரே புது ஆள் மேல அடிச்சு ஜெயிக்கிறதை நான் அனுமதிக்கிறதில்ல. நேரடியாவே சொல்லிடுவேன், "அந்தப் பக்கமும் அடிங்க சார்"னு. புதுசா வந்தவர் நாலு பாலைத் தவறவிட்டா முகம் சிவந்து அஞ்சாவது பாலுக்குக் கையே வராது. அதே ஆளுக்கு நடுநடுவுல ரெண்டு பால் மெதுவா வந்து, ஒண்ணைத் திருப்பிட்டார்னா முட்டி தானா மடங்கும், அடுத்த பாலுக்குத் தயாரா நிப்பார். நான் எத்தனையோ பேர்கிட்ட இதைப் பாத்திருக்கேன். அவர் அடுத்த வாரம் வருவாரா மாட்டாராங்கிறது அந்த ஒரு பால்லதான் இருக்கு.

இன்னொண்ணு, லைன் கால். நம்ம பக்கம் விழுந்த பால் உள்ளயா வெளியயான்னு நாமதான் சொல்லணும், சந்தேகம் வந்தா எதிரணிக்கு. கோட்டுல பட்டா உள்ளதான், சர்வீஸ்ல கிச்சன் கோட்டுல பட்டா மட்டும் ஃபால்ட். பக்கத்துக் கோர்ட் பால் உள்ள உருண்டு வந்தா "பால்!"னு சத்தமாக் கத்தி ஆட்டத்தை நிறுத்துங்க. அதை மிதிச்சு விழுந்தவங்களை நான் தூக்கி ஆட்டோவுல ஏத்தியிருக்கேன்.

காலை_ஆறு_மணி
பெண்கள் யாராவது இந்த இழையைப் படிச்சா அவங்களுக்காக எழுதுறேன். நானும் தனியாத்தான் போக ஆரம்பிச்சேன், இப்ப வாரத்துல பாதி நாள் ஆடுறேன், எனக்கு இந்த ஊர்ல கிடைச்ச தோழிகள்ல முக்கால்வாசிப் பேர் கோர்ட்ல கிடைச்சவங்க. ஆனா போறதுக்கு முன்னாடி நாலு விஷயம் கேட்டுக்கோங்க. கழிவறை இருக்கா, பூட்டு வேலை செய்யுதா. வண்டி நிறுத்துற இடத்துல வெளிச்சம் இருக்கா, கோர்ட்ல இருக்கிற வெளிச்சம் வாசலோட நின்னுடும் பல இடத்துல. எத்தனை பெண்கள் வர்றாங்க. ராத்திரி செஷன் எத்தனை மணிக்கு முடியும்.

முக்கியமா வாட்ஸ்அப் குரூப். முன்னாடி நான் இருந்த ஒரு குரூப்ல முந்நூறு பேருக்கும் என் நம்பர் தெரிஞ்சுது, ஆட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாம மெசேஜ் வர ஆரம்பிச்சுது. அட்மின்கிட்ட சொன்னேன், "பிளாக் பண்ணிடுங்க மேடம்"னு முடிச்சுட்டார். அது பதில் இல்ல. இப்ப இருக்கிற குரூப்ல கம்யூனிட்டி அறிவிப்பா மட்டும் வச்சிருக்காங்க, ஒருத்தர் நம்பர் இன்னொருத்தருக்குத் தெரியாது, வர்றவங்க வோட்டுப் போட்டா போதும். செஷன் நடத்துறவங்க எல்லாரும் இதைச் செய்யணும், அஞ்சு நிமிஷ வேலை.

கோர்ட்_நம்பர்_3
நியாயமான பேச்சு மேடம். எங்க குரூப்பையும் இன்னிக்கே அப்படி மாத்திடுறேன்.

பிசியோ_மேற்குமாம்பலம்
என் கிளினிக்குக்கு இப்ப பிக்கிள்பால் ஆடி வர்றவங்க கூடிட்டே போறாங்க, அதனால சொல்றேன். எல்லாரும் முழங்கையைப் பத்தித்தான் கேக்குறாங்க. நான் பயப்படுறது பின்பக்கமா விழுறதுக்கு. லாப், அதாவது உயரமாத் தூக்கி அடிச்ச பால், தலைக்கு மேல வரும், முகத்தைத் திருப்பாம அப்படியே பின்னாடி ஓடுவாங்க, குதிகால் தட்டி விழுவாங்க, கையை ஊன்றுவாங்க, மணிக்கட்டு முறியும். நாப்பது தாண்டினவங்க இதை மனசுல எழுதி வச்சுக்கோங்க: லாப் வந்தா முதல்ல உடம்பைத் திருப்பு, அப்புறம் ஓடு. எட்டாதுன்னா விட்டுடுங்க, ஒரு பாயின்ட்தான்.

ஷூ விஷயம். ஓடுறதுக்கான ஷூ போட்டு வராதீங்க. அதுல குதிகால் உயரமா மெத்துன்னு இருக்கும், பக்கவாட்டுல சட்டுன்னு நகர்ந்தா கணுக்கால் மடங்கும். பேட்மிண்டன் அல்லது டென்னிஸ் ஷூ போதும். வெளிய சிமென்ட் தரைன்னா டென்னிஸ் ஷூ நல்லது, பேட்மிண்டன் ஷூ அடிப்பாகம் சீக்கிரம் தேஞ்சிடும். கெண்டைக்கால் தசைக்கு அஞ்சு நிமிஷம் வார்ம்-அப் பண்ணாம முதல் கேம் ஆடாதீங்க. கண்ணாடி போடாதவங்க விளையாட்டுக்கான பாதுகாப்புக் கண்ணாடி ஒண்ணு வாங்கிக்கோங்க, நெட் பக்கத்துல நிக்கும்போது பால் முகத்துக்கு வர நேரமே ஆகாது. சித்திரை வைகாசியில வெறும் தண்ணி மட்டும் குடிச்சுட்டு ரெண்டு மணி நேரம் ஆடாதீங்க, உப்பும் சேரணும்.

மடிப்பாக்கம்_மாடிவீடு
எல்லாரும் ஆடுறவங்களாவே பேசுறீங்க. நான் பக்கத்து வீட்டுக்காரன். எங்க வீட்டை ஒட்டின காலி மனையில கோர்ட் போட்டிருக்காங்க. காலை அஞ்சரையிலேருந்து டொக் டொக்னு ஆரம்பிக்கும், ராத்திரி பதினொண்ணு வரைக்கும். ஷட்டில்ல இந்தச் சத்தம் இல்ல. பொண்ணு பன்னிரண்டாவது படிக்கிறா, ஜன்னலை மூடிட்டுத்தான் உக்காந்திருக்கா. ஆட்டத்து மேல எனக்கு வெறுப்பு இல்ல, ஆனா எங்களை யாருமே ஒரு வார்த்தை கேக்கல.

பூப்பந்து_பழையவர்
ஐயா சொல்வது உண்மை. கடினமான பிளாஸ்டிக் பந்தும் கடினமான மட்டையும் மோதும் சத்தம், சுருதி உயர்ந்தது, விட்டு விட்டு வருவது, காது அதைப் பழகிக்கொள்ள மறுக்கும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் அளவு. இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை. முதலில் நடத்துபவரிடம் பேசுங்கள், கேட்காவிட்டால் காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுங்கள்.

கோர்ட்_நம்பர்_3
சார், உங்க பக்கம் இருக்கிறவங்களுக்கு இதைக் காட்டுங்க. வீடு இருக்கிற பக்கத்து வேலியில சத்தத்தை உறிஞ்சுற தடிமனான ஷீட் கட்டலாம், முழுசா நிக்காட்டியும் குறையும். வீட்டை ஒட்டின கோர்ட்டை எட்டரைக்கே மூடிட்டு, தள்ளி இருக்கிறதுல மட்டும் ஆடலாம். நாங்க ஒன்பது மணியோட லைட்டை அணைச்சிடுறோம், காலையில ஆறரைக்கு முன்னாடி திறக்கிறதில்ல. வருமானம் குறையுதுதான். ஆனா தெருவுல இருக்கிறவங்க எதிர்த்தா கோர்ட்டே இருக்காது. ஆடி முடிச்சுட்டு வாசல்ல பைக்கை ஸ்டார்ட் பண்ணிக்கிட்டு அரை மணி நேரம் கதை பேசுறவங்களும் இதைப் படிக்கணும்.

ஸ்காபரோ_மட்டை
நான் கனடாவில, ஸ்காபரோவில இருக்கிறன். உங்கட கதையளை வாசிக்க நல்லாயிருக்கு. இஞ்ச நிலைமை கொஞ்சம் வேற. கோடைகாலத்தில பூங்காவுக்குள்ள இருக்கிற டெனிஸ் கோட்டிலயே பிக்கிள்போல் கோடும் போட்டிருக்கினம். காசு இல்லை. மட்டையை வரிசையில வைச்சால் சரி. பனிக்காலத்தில சமூக நிலையங்களுக்குள்ள விளையாடலாம், அதுக்கு முன்கூட்டியே இடம் பிடிக்க வேணும். டெனிஸ் ஆக்களோட சண்டை வாறதும் உண்டு, கோடு எல்லாம் ஒண்டுக்கு மேல ஒண்டா குழப்பமா இருக்கெண்டு சொல்லுவினம்.

அப்பா செத்தாப் பிறகு என்ர அம்மா வீட்டை விட்டு வெளிக்கிடாமல் இருந்தவா. ஒரு நாள் இழுத்துக்கொண்டு போனன். இங்கிலீசு பெரிசாக் கதைக்கமாட்டா. ஆனால் சீரோ, வன், டூ தெரியும் தானே. இப்ப ஒரு சீன அம்மாவோட சோடி சேர்ந்து விளையாடுறா. ரெண்டு பேருக்கும் பொது மொழி எண்டு ஒண்டும் இல்லை. ஆட்டம் முடிய மற்றவ தோடம்பழம் கொண்டு வந்து குடுப்பா, அம்மா ரோல்ஸ் சுட்டுக்கொண்டு போவா. உங்கட ஊரில 300 ரூபா எண்டு கேக்கேக்க யோசினையா இருக்கு, ஒவ்வொரு நாளும் அதைக் குடுக்க ஏலாத சனத்துக்கு வழி என்ன?

வியாசர்பாடி_ஸ்மாஷ்
ஸ்காபரோ அண்ணன் கேட்ட கேள்விதான் என் கேள்வியும். 2025 ஆரம்பத்துல மும்பையில உலக பிக்கிள்பால் லீக் நடந்துச்சு, சென்னை பேர்லயும் சமந்தாவோட டீம் ஆடுச்சு, அதே வருஷம் மத்திய அரசு இந்திய பிக்கிள்பால் சங்கத்துக்கு அங்கீகாரம் கொடுத்துச்சு. எல்லாம் சந்தோஷம். எங்க ஏரியாவுல ஒரு கோர்ட்கூட இல்ல. இருக்கிறதெல்லாம் ஓஎம்ஆர், ஈசிஆர், அண்ணா நகர், நுங்கம்பாக்கம்.

ஆனா நாங்க ஆடுறோம், எப்படின்னு சொல்றேன். பிக்கிள்பால் கோர்ட் 44 அடி நீளம் 20 அடி அகலம், ஷட்டில் டபுள்ஸ் கோர்ட்டும் அதே அளவு. மாநகராட்சி மைதானத்துல சிமென்ட் ஷட்டில் கோர்ட் இருக்கு. காலையில அஞ்சரைலேருந்து ஏழு வரைக்கும் பெரியவங்க ஷட்டில் ஆடுவாங்க. அவங்ககிட்ட போய்ப் பேசினோம், ஏழுக்கு அப்புறம் எங்களுக்குன்னு ஒத்துக்கிட்டாங்க, அதுல ரெண்டு பேர் இப்ப எங்களோடயும் ஆடுறாங்க. நெட்டை இறக்கிக் கட்டுவோம், ஓரத்துல 36 இஞ்ச், நடுவுல 34. கிச்சன் கோடு ஷட்டில்ல ஆறரை அடியில இருக்கு, அரை அடி தள்ளி சாக்பீஸ்ல போட்டுப்போம், தினமும் அழிஞ்சிடும், தினமும் போடுவோம். நாலு பேடில் எல்லாரும் காசு போட்டு வாங்கினது. 40 ஓட்டை போட்ட வெளிப்புற பால்தான் வாங்கணும், 26 ஓட்டை உள்ளரங்கத்துக்கு, அது காத்துல பறக்கும். அப்பவும் எங்க தரைக்கு பால் சீக்கிரம் விரிசல் விடுது, அதுதான் பெரிய செலவு.

வார்டு கவுன்சிலர்கிட்ட மனு கொடுத்திருக்கோம், நிரந்தரமா ரெண்டு நிறத்துல கோடு போட்டுத் தரச் சொல்லி. ஷட்டில் கோட்டை அழிக்க வேணாம்னு நாங்களே எழுதிக் கொடுத்தோம். ஒரு டப்பா பெயின்ட் போதும். வடசென்னைப் பக்கம் யாராவது இருந்தா வாங்க, காசு எதுவும் வேணாம்.

டிங்க்_ரசிகை
தம்பி, எங்க குரூப்ல பழைய பேடில், மேல் பட்டை உரிஞ்சது, பிடி தேஞ்சதுன்னு நிறைய வீட்ல சும்மா கிடக்கு. சேத்து வைக்கிறேன், ஒருத்தரை அனுப்பினா வாங்கிக்கலாம். விரிசல் விடாத பாலும் இருக்கு, பாதி தேஞ்சதுன்னு ஒதுக்கி வச்சது.

வியாசர்பாடி_ஸ்மாஷ்
அக்கா, ஞாயித்துக்கிழமை நானே வர்றேன்.

தென்காசி_டு_ஓஎம்ஆர்
அப்டேட். புதன்கிழமை சாயங்காலம் போனேன். பேடில் வரிசை அப்படியே இருந்துச்சு. வாடகைப் பேடிலை வச்சுட்டு நின்னேன், பேரைக் கேட்டாங்க, அவ்வளவுதான், ரெண்டாவது கேம்லயே உள்ள போயிட்டேன். ஷட்டில் கை சும்மா இருக்கல, மணிக்கட்டைச் சுண்டிச் சுண்டி அடிச்சேன், பால் எல்லாம் வேலிக்குப் போச்சு. என் பார்ட்னர் ஒரு அம்மா, அறுபது வயசு இருக்கும், சேலையை மடிச்சு இடுப்புல சொருகி ஷூ போட்டிருந்தாங்க. "மணிக்கட்டைப் பூட்டிக்கோப்பா, தோள்லேருந்து தள்ளு, முட்டியை மடக்கு"ன்னு சொல்லிக்கிட்டே அவங்க பக்கம் வந்த பாலையும் விடல. பாயின்ட்டை அவங்க "சைபர், மூணு, ஒண்ணு"ன்னு தமிழ்லயே சொன்னாங்க, எல்லாருக்கும் அது பழக்கமாயிருக்கு. ரெண்டு பேர் என்னைப் பாத்தே அடிச்சாங்க, கோர்ட் நம்பர் 3 அண்ணா சொன்னது சரிதான், அந்த நேரத்துல கை விறைச்சுப்போகுது. அந்தம்மாதான் "விடு, அடுத்த பாலைப் பாரு"ன்னாங்க. வெள்ளிக்கிழமைக்கும் பேர் கொடுத்திருக்கேன்.

ஒரு சந்தேகம். ஐப்பசி கார்த்திகையில மழைக்கு என்ன பண்ணுவீங்க?

கிச்சன்_கோடு
வாழ்த்துகள். ஈரக் கோர்ட்ல மட்டும் ஆடவே ஆடாதீங்க. அந்த நீல பெயின்ட் நனைஞ்சா எண்ணெய் தடவின மாதிரி, காஞ்ச மாதிரி தெரியும், கோட்டு மேல கால் வச்சா வழுக்கும். தண்ணியைத் தள்ளிவிட்டப்புறம் உள்ளங்கையைத் தரையில வச்சுப் பாருங்க, ஈரம் ஒட்டுச்சுன்னா வீட்டுக்குப் போயிடுங்க. மழை மாசங்கள்ல கூரை போட்ட கோர்ட்டுக்கும் ஷட்டில் ஹாலுக்கும்தான் கூட்டம், அப்ப 26 ஓட்டை பால் வேணும். காசை முன்னாடியே கட்டச் சொன்னா, மழையில ரத்தானா திருப்பித் தருவாங்களான்னு கேட்டுட்டுக் கட்டுங்க. ஈசிஆர் பக்கம் ஆடுறவங்க கடல்காத்தையும் பாத்துக்கோங்க, சாயங்காலம் காத்துக்கு எதிர அடிச்ச லாப் உங்க தலையிலயே வந்து விழும், அந்தப் பக்கம் இருக்கும்போது தாழ்வா அடிக்கணும்.

மூன்றரை_லெவல்
தென்காசித் தம்பிக்கு வாழ்த்துகள். நான் என் கருத்தை மாத்திக்கல, லெவல் பிரிச்ச செஷனும் வேணும்தான். ஆனா கோர்ட் நம்பர் 3 சார் சொன்ன ஏற்பாடு எனக்குப் பிடிச்சிருக்கு. எல்லா நடத்துறவங்களும் ஆப்ல போடும்போதே "பொது வரிசை", "புதியவர்களுக்கு", "3.5க்கு மேல்"னு தெளிவா எழுதினா இந்தச் சண்டையே வராது. இப்ப "ஆல் லெவல்ஸ்"னு ஒரே வரி போட்டுட்டு, வந்தவங்களுக்குள்ள முட்டிக்க விடுறாங்க. என் குரூப் அட்மின்கிட்ட இந்த இழையை அனுப்பியிருக்கேன்.

தாம்பரம்_லோக்கல்
முழுசாப் படிச்சேன், ரொம்பப் பயனா இருந்துச்சு. தாம்பரம், குரோம்பேட்டை பக்கம் கலப்பு வரிசையில ஆடுற செஷன் ஏதாவது நடக்குதா? நானும் என் வீட்டுக்காரரும் வருவோம், ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தெரியாது.

கோர்ட்_நம்பர்_3
குரோம்பேட்டையில ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஒண்ணு இருக்கு மேடம், நடத்துறவர் எனக்குத் தெரிஞ்சவர். தனிச்செய்தியில விவரம் அனுப்புறேன். ஆறே முக்காலுக்கே போயிடுங்க, வார்ம்-அப் நேரத்துல உங்க ரெண்டு பேரையும் தனித்தனி பழைய ஆளோட நிக்க வைக்கச் சொல்லியிருக்கேன்.